ஆறு மாத அவகாசம்

“காசு வாங்கிட்டாங்க சார்” என்று மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரியின் காதருகே சொன்னார் தெருச் சங்கச் செயலாளர். “போன மாசம் ஆலை கார் இந்த வாசல்லதான் நின்னுச்சு. தெருவே பாத்துச்சு.”

காதருகே சொன்னதாக அவர் நினைத்துக்கொண்டார். ‘மைக்’ என்று தெரு அவருக்குச் சும்மா பெயர் வைக்கவில்லை. சொன்னது வீட்டுக்காரிக்கும் கேட்டது. உள்ளே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்த அவள் கணவனுக்கும் கேட்டது.

அவள் தோளில் கிடந்த துணியால் நாற்காலியைத் துடைத்து, “உக்காருங்க சார்” என்றாள். காலையில்தான் துடைத்த நாற்காலி. துணி கறுத்தது. லாட்ஜில் அறைகளைச் சுத்தம் செய்கிற கை அது, சும்மா இருக்காது.

“இருக்கட்டும்மா. முதல்ல மாடியைப் பாக்கணும்.”

கணவன் ஏதோ சொல்ல வாயெடுத்து இருமலில் மாட்டிக்கொண்டான். அவன் படுத்துத் தூங்கி நாளாகிறது. படுத்தால் மூச்சு வராது. இருமல் அடங்கியதும் மெல்லச் சிரித்தான்.

“மைக் சொல்றது சரிதான் சார். வாங்கறேன். மூச்சு மட்டும்.”

“நீங்க பேசாதீங்க” என்று அவள் அவன் முதுகைத் தடவிவிட்டாள்.

ஆலை தூசி வடிகட்டி பொருத்தியிருக்க வேண்டிய கெடு இன்றோடு முடிகிறது. இன்னும் ஆறு மாத அவகாசம் வேண்டும், அதுவரை விதியைத் தளர்த்த வேண்டும் என்று ஆலை மனுப் போட்டிருந்தது. ஆலைச் சுவரை ஒட்டிய கடைசி வீடு இவளுடையது. இங்கே விழும் தூசி அளவை மீறினால் நாளைக்கே உலையை அணைக்க வேண்டும், மீறாவிட்டால் அவகாசம். அப்படித்தான் முடிவாகியிருந்தது.

அளவு மீறவில்லை. கிட்டக்கூட வரவில்லை. சாயங்காலம் அதிகாரி கையெழுத்துப் போட வேண்டும்.

இந்தப் புகையிலேயே இருந்தால் இன்னும் ஆறு மாதம் தாங்கமாட்டார் என்று மருத்துவர் அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். கணவனுக்கு அதை அவள் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை.

அதிகாரியும் மைக்கும் மாடிக்கு ஏறினார்கள். மூலையில் ஓர் இரும்புத் தாங்கி நின்றது. ஒரு மாதமாக அதன்மேல் இருந்த கண்ணாடி ஜாடியைப் போன வாரம்தான் எடுத்துப் போயிருந்தார்கள்.

“அந்த ஜாடி எப்படி சார் அளக்கும்?”

“அது எங்க அளக்குது? வாயைத் திறந்துக்கிட்டு நிக்கும். மேல இருந்து விழற தூசி உள்ள சேரும். மாசக் கடைசில நாங்க எடை போடுவோம்.”

அதிகாரி கைப்பிடிச் சுவரில் விரலை வைத்து இழுத்தார். விரல் கரியானது. வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இங்க இவ்வளவு இருக்கு. ஜாடில ஒரு சிட்டிகைகூட இல்ல. யாரோ மாத்தி வெச்சிருக்காங்க.”

“நான்தான் சொன்னேனே சார்.”

“ஆலை ஆளுங்க கை பட்டிருந்தா மனுவை இன்னிக்கே தள்ளிடலாம். தெருக்காரங்க கை பட்டிருந்தா கதை வேற. ஜாடியைப் பாதுகாக்கறது நம்ம பொறுப்பு. உங்க ஆளுங்க கெடுத்ததுக்கு நாங்க ஏன் உலையை அணைக்கணும்னு அவங்க வக்கீல் நிப்பாரு.”

மைக்குக்கும் இதே தெருவில்தான் வீடு. முதல் தடவையாக அவர் குரல் இறங்கியது. “ஆலை ஆளுங்கதான் சார். வேற யாரு?”

சுவருக்கு அந்தப் பக்கம் உலை உறுமிக்கொண்டிருந்தது.

கீழே வந்ததும் அதிகாரி நாற்காலியில் உட்கார்ந்தார். “ஆலைல இருந்து வந்தாங்களாம்மா?”

“வந்தாங்க சார். இவரு வைத்தியச் செலவு பூரா பாத்துக்கறோம்னாங்க. மாடிச் சாவியைக் கொஞ்ச நேரம் குடுங்கன்னாங்க.”

“குடுத்தீங்களா?”

“வாசப்படியே ஏற விடல.”

“விளக்குமாத்தை எடுத்துட்டா சார்” என்றான் கணவன். “எனக்கே பயமாப் போச்சு.”

மைக் தரையைப் பார்த்தார். “தப்பா நெனச்சுட்டேன்க்கா.”

“பரவால்ல தம்பி.”

“ஜாடியை வெச்சப்ப எங்க ஆள் உங்ககிட்ட என்ன சொன்னான்?” என்று கேட்டார் அதிகாரி.

“காத்தை அளக்கற சாமான், பத்திரமாப் பாத்துக்கங்கன்னாரு. வேற ஒண்ணும் சொல்லல. இவரு உசுரே அதுலதான் இருக்குன்னு பாத்துக்கிட்டேன் சார்.”

அதிகாரி முன்னால் குனிந்தார். கேட்பவர் குரலாக இல்லை அது. கெஞ்சுகிறவர் குரலாக இருந்தது.

“நல்லா யோசிச்சுச் சொல்லுங்கம்மா. நீங்க வேலைக்குப் போயிருந்தப்போ அவங்க ஆள் சுவரேறி வந்திருக்கலாம். சந்தேகமா இருக்குன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னாக்கூடப் போதும். கையெழுத்தை நான் நிறுத்திடுவேன்.”

அவள் யோசித்தாள். கணவனின் மூச்சு மட்டும் இழுத்து இழுத்துக் கேட்டது. பிறகு அவள் மைக்கை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அதிகாரியிடம் நிமிர்ந்து சொன்னாள்.

“ஒரு ஈ காக்கா அந்த ஜாடிகிட்டப் போகல சார். தினம் விடிஞ்சதும் கழுவி, பளபளன்னு துடைச்சு வெச்சது நான் ஒருத்திதான்.”