சிவப்பு விளக்கு

விழுந்து நொறுங்கிய அந்த விமானத்தில், கேப்டன் இருதயராஜ் எரிகிற இன்ஜினை விட்டுவிட்டு நல்ல இன்ஜினை அணைத்துவிட்டார் என்றது விசாரணை அறிக்கை. எது எரிகிறது என்று காட்டும் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்ததாம். அந்தப் பதற்றத்தில் யாராக இருந்தாலும் தடுமாறியிருப்பார்கள் என்றாள் அவர் மனைவி லூர்து. அதைத் தானே செய்து பார்த்து நிரூபிப்பதற்காக, அதே ரக விமானத்தின் சிமுலேட்டரைக் கணினியில் வாங்கிப் போட்டாள். ஒவ்வொரு சுவிட்சாகக் கற்றாள். இன்ஜினைக் கிளப்பவே ஒரு மழைக்காலம் போயிற்று.

இன்று அவள் கொழுந்தன் செல்வின், எதுவென்று சொல்லாமல் ஓர் இன்ஜினைத் தீப்பிடிக்க வைத்தான். மணி அலறியது, சிவப்பு விளக்கு எரிந்தது. லூர்து யோசிக்கவேயில்லை. அவள் கை தானாகப் போய் எரிகிற இன்ஜினை அணைத்தது. விமானம் குலுங்கிக்கொண்டே ஓடுபாதையில் இறங்கி நின்றது.

"அண்ணி, இறக்கிட்டீங்க!" என்று கைதட்டியவன், அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான்.

மறுபடியும் பறந்தாள். மறுபடியும் கை சரியான இன்ஜினுக்கே போயிற்று. அந்தக் கையை மடியில் வைத்து இன்னொரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னொரு தடவை, தம்பி. இப்ப அந்தச் செவப்பு வெளக்கு மட்டும் எரியாமப் பண்ணிடுங்க."