நடுக்குழியின் பொன்னிறப் பணியாரம்

முட்டைப் பணியாரத்தைப் புகழ்கிறவர்கள் டப்பாவில் அடுக்கியவற்றை எண்ணுவார்கள், நடுக்குழியை எண்ணமாட்டார்கள். வாரத்தின் காலைச் சமையலை முன்கூட்டியே முடித்துவைக்க, திலகா ஞாயிறுதோறும் பணியாரக் கல்லை அடுப்பிலேற்றுவாள். முதலில் நடுக்குழியில் மட்டும் ஊற்றி, வெந்ததைப் பிய்த்து உப்புப் பார்த்த பிறகே மற்றக் குழிகளை நிரப்புவாள்.

"டப்பாவுக்குள்ள எப்படியிருக்கும்னு தெரியுமாக்கா?" என்று ஓரக்குழிகள் நடுக்குழியைச் சீண்டின. "பாவம், நீ பெத்ததையெல்லாம் அவ அடுப்படியிலேயே முழுங்கிடுறாளே!"

"இந்த வாரம் பாருங்கடி" என்றாள் நடுக்குழி.

அன்று அடித்த முட்டையில் உப்பு இருமுறை விழுந்திருந்தது. நடுக்குழிக்கு அது தெரியும். தெரிந்தும், ஒட்டாமல் உடையாமல் பொன்னிறத்தில் ஒரு பணியாரத்தை உருட்டிக் கொடுத்தாள்.

"இதைப் பிய்க்க மனசே வரலையே!" என்ற திலகா, அதை அப்படியே டப்பாவில் வைத்துவிட்டு மற்றக் குழிகளிலும் ஊற்றினாள்.

மறுநாள் காலையில் முதல் கடியிலேயே துப்பினாள். டப்பாவிலிருந்தது முழுவதும் குப்பைக்குப் போயிற்று.

அடுத்த ஞாயிறு ஓரக்குழிகள் சீண்டவில்லை. "உப்பு சரியா இருக்காக்கா?" என்று மட்டும் கேட்டன. திலகா பிய்த்து வாயில் போட்டுக்கொண்டாள். நடுக்குழியின் பணியாரம் அதன்பின் ஒருநாளும் டப்பாவுக்குள் போகவில்லை.