அவசரமில்லாத வேலை

"பின்பக்கத்தால வெளியில போக வழி இருக்கோ தம்பி?"

வந்தவர் இப்படிக் கேட்டதும் யோகலிங்கத்தின் கையிலிருந்த திருப்புளி நழுவிக் கீழே விழுந்தது. கொம்பியூட்டரைத் திருத்தக் கொண்டுவந்த மனுசனுக்குப் பின்வாசல் எதற்கு? கடைக்காரன் எந்தப் பக்கத்தால் ஓடுவான் என்று பார்த்து வைக்கிறவன்தான் இப்படி விசாரிப்பான்.

"இல்லை ஐயா, ஒரே வாசல்தான்" என்று கூசாமல் பொய் சொன்னான்.

ஓர்ஸ் ஹில்லில் அந்தக் கடையை யோகலிங்கமும் அண்ணன் ஆனந்தராசாவும் சேர்ந்து நடத்தி வந்தார்கள். காலையில் சாமான் வாங்கச் சைக்கிளில் போன அண்ணன் இன்னும் திரும்பவில்லை. சந்தியில் ஆமியின் சுற்றிவளைப்பாம், ஆம்பிளைகளை மறித்து வரிசையில் விட்டிருக்கிறார்களாம் என்று தேத்தண்ணிக் கடையில் கதை.

இனி கண் மட்டும் தெரிய முகத்தை மூடிய தலையாட்டி ஒருவன் வருவான். அவன் ஒருவரைப் பார்த்துத் தலையை ஆட்டினால் முடிந்தது கதை. அந்த ஆள் வீட்டுக்குத் திரும்புவது கடவுள் விட்ட வழி. போன மாதம் அடுத்த ஒழுங்கையில் இரண்டு பேரை அப்படித்தான் கொண்டுபோனார்கள். இன்றுவரை ஒரு தகவலும் இல்லை.

யோகலிங்கம் தெருவை எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த அந்த நேரம் பார்த்துத்தான் இந்த மனுசன் ஆட்டோவில் வந்து இறங்கினார். ஐம்பது வயதிருக்கும். புதுக் கொம்பியூட்டர் அதன் பெட்டியிலேயே இருந்தது. பழையதை ஒரு சாக்கில் போட்டுக் கட்டியிருந்தார். சாக்கு புதுசு; அப்படியிருந்தும் எலிக்குப் பொறுக்கவில்லை போல, பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஓட்டை.

"பழையதின்ர ஹார்ட் டிஸ்க்கைக் கழட்டிப் புதுசில போடவேணும் தம்பி. உள்ளுக்கு இருக்கிறதெல்லாம் அப்பிடியே வரவேணும்."

"வைச்சிட்டுப் போங்கோ ஐயா. பின்னேரம் வந்து எடுக்கலாம்."

"வேண்டாம். இருந்தே கொண்டுபோறன்."

"சரி, பேரைச் சொல்லுங்கோ. எழுதி வைக்கவேணும்."

"பேர் என்னத்துக்குத் தம்பி?"

வாசலில் கிடந்த கதிரையைத் தூக்கிக்கொண்டுபோய் அலுமாரிக்குப் பின்னால் போட்டு உட்கார்ந்துகொண்டார். தெருவில் போகிறவர்களின் கண்ணில் அவர் படமாட்டார். அங்கிருந்து யோகலிங்கத்தை மட்டும் அவருக்கு நன்றாகத் தெரியும். பிறகு கேட்டதுதான் அந்தப் பின்வாசல் கேள்வி. சீஐடியேதான், இனி என்ன சந்தேகம்!

டிஸ்க்கைக் கழற்றிப் புதுக் கொம்பியூட்டரில் பூட்டினான். அந்த நாளைய விண்டோஸ் புது இடத்துக்கு இலேசில் ஒத்துவராது. ஒவ்வொரு சாமானாக அடையாளம் கண்டு, ஒவ்வொன்றுக்கும் சீடி கேட்டு, ஒவ்வொரு தடவையும் நின்று நின்று எழும்பும். மற்ற வாடிக்கையாளர் என்றால் இதற்குள் பத்துத் தரம் முணுமுணுத்திருப்பார்கள்.

இவரோ, "ஆறுதலாச் செய்யுங்கோ, ஒரு அவசரமுமில்லை" என்றார்.

அவசரமில்லையாம்! சுற்றிவளைப்பு நாளில் அவசரமில்லாத வேலைக்கு எந்த மடையன் சாமான் தூக்கிக்கொண்டு வருவான்?

சுவரில் தொங்கிய படத்தைப் பார்த்து அவர் கேட்டார். "உங்களோட நிக்கிறது ஆர்?"

"அண்ணன். சந்தியில மறிச்சு வைச்சிருக்கிறாங்கள்."

அவர் அந்தப் படத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "விட்டிடுவாங்கள் தம்பி. பயப்படாதேங்கோ."

யோகலிங்கத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதெப்படி இந்த ஆளுக்கு அவ்வளவு நிச்சயம்? அவர்களோடு கூடித் திரிகிறவனுக்குத்தானே இதெல்லாம் தெரியும்! திருப்புளியை இறுக்கிப் பிடித்தான். அடுத்த கணம், காலில் விழுந்து அண்ணனை விடச் சொல்லிக் கேட்கலாமோ என்றும் நினைத்தான். வெட்கமாக இருந்தது.

ஒருவழியாகப் புதுக் கொம்பியூட்டரில் பழைய திரை அப்படியே வந்து நின்றது.

"முடிஞ்சுது ஐயா. பாருங்கோ."

அவர் திரையைப் பார்க்கவேயில்லை, மணிக்கூட்டைத்தான் பார்த்தார். "இன்னொருக்கா நிப்பாட்டிப் போட்டுப் பாருங்கோ தம்பி."

நிப்பாட்டிப் போட்டான். திரும்பவும் அதையே சொன்னார். மூன்றாம் தரமும் சொன்னபோது வாசலில் சைக்கிள் மணி கேட்டது.

அண்ணன்! சேர்ட்டெல்லாம் வியர்வையில் ஊறியிருந்தது. யோகலிங்கம் ஓடிப்போய்க் கட்டிப்பிடித்துக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி அழுதான்.

"அழாதை, விட்டிட்டாங்கள்" என்றார் அண்ணன். "தலையாட்டி வரேல்லையாம். இவ்வளவு நேரமும் வெயிலுக்குள்ள காய விட்டிட்டு, வாயில வந்தபடி ஏசிப்போட்டு, எல்லாரையும் போகச் சொல்லிட்டாங்கள்."

அலுமாரிக்குப் பின்னாலிருந்து மனுசன் எழும்பி வந்தார். அண்ணனை ஒருதரம் மேலும் கீழும் பார்த்தார். "அப்ப நான் வெளிக்கிடுறன்" என்று புதுசைப் பெட்டியில் வைத்துவிட்டுப் பழையதைத் தூக்கினார்.

அண்ணன் வந்த சந்தோசத்தில் யோகலிங்கத்துக்கு அவர் மேலிருந்த கோபம்கூடக் கொஞ்சம் இறங்கியிருந்தது. கீழே கிடந்த சாக்கை எடுத்து உதறினான்.

"இது எலி வெட்டின சாக்கு ஐயா. வேற ஒண்டு தரட்டே?"

அவர் சாக்கை வாங்கி நாலாய் மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"எலியில்லைத் தம்பி. இண்டைக்குச் சந்தியில என்ர தலையில போடத் தந்த சாக்கு."