இருபத்தைந்துக்கு நாலு

"நீங்களே மோந்து பாருங்க" என்று அந்தப் பெண்ணின் வலது கையைப் பிடித்து, அவளுடைய அப்பாவின் மூக்குக்கு நேரே நீட்டினார் இங்கிலீஷ் வாத்தியார்.

மூட்டை தூக்கும் வேலையைப் பாதியில் விட்டு வந்திருந்தார் அப்பா. தோள் துண்டைக்கூட எடுக்காமல் குனிந்து முகர்ந்தார். முகம் கோணிப்போனது. "சாக்கடை நாத்தம்தான் சார்" என்றார்.

தலைமையாசிரியை அறை ஜன்னலுக்கு வெளியே, பின்புறத்தில், பள்ளிக்கூடத்துச் சாக்கடை நேற்று சாயங்காலத்திலிருந்து அடைத்துக்கொண்டு பொங்கி வழிந்தது. அடைப்பு எடுப்பவர் நீளக் கம்பியை விட்டுக் குடைந்துகொண்டிருந்தார். "அந்தப் பாப்பா கை மட்டுமா நாறுது? இங்க நிக்கிற எல்லார் கையும்தான் நாறுது. வேணும்னா என் கைய மோந்து பாருங்க" என்றார் அங்கிருந்தே.

தலைமையாசிரியை மூக்கைப் பொத்திய கைக்குட்டையை எடுக்கவே இல்லை. பிள்ளைகள் மறைவில் அவருக்கு வைத்திருக்கும் பெயர் அரக்கம்மா. கோபத்தைப் பார்த்து வைத்த பெயர் என்றுதான் புதிதாக வருகிறவர்கள் நினைப்பார்கள். அதுவும் உண்டுதான். ஆனால் பரீட்சை முடிந்த மணி அடித்ததும் மெழுகுவர்த்தியும் சிவப்பு அரக்குக் குச்சியுமாக வகுப்பு வகுப்பாக வந்து, விடைத்தாள் கட்டு ஒவ்வொன்றின் சணல் முடிச்சிலும் தானே அரக்கு முத்திரை வைத்து வாத்தியார்கள் கையில் கொடுப்பார். நடுவில் யாரும் தாளை மாற்றிவிடக் கூடாது என்பது அவர் கொள்கை.

"ஏழாவது படிக்கிற பிள்ளைக்கு இங்கிலீஷ்ல என்னென்ன வரணும்னு சொல்றேன், கேட்டுக்குங்க" என்றார் வாத்தியார். "ஒரு பத்தியப் படிச்சா, என்ன சொல்ல வர்றாங்கன்னு சொந்த வார்த்தைல சொல்லத் தெரியணும். சொல்லாம விட்டதையும் ஊகிக்கணும். ஒரு கருத்த எழுதுனா, ஏன் அப்படிங்கிறதுக்கு அந்தப் பத்திக்குள்ளேருந்தே ஆதாரம் எடுத்துக் காட்டணும். இவ எழுதி வச்சிருந்தத ஒவ்வொரு வரியா உக்காந்து படிச்சேன். குமட்டிக்கிட்டு வந்துச்சு. இருபத்தஞ்சுக்கு நாலு. அதுவும் பாவம் பாத்துப் போட்டது."

"நல்லாத்தான்பா எழுதுனேன். ரெண்டு பக்கம் எழுதுனேன். பேப்பரக் காட்டச் சொல்லுப்பா" என்றாள் பெண்.

"எதம்மா காட்டுறது? மார்க்கு போன வாரமே பலகைல ஒட்டியாச்சு. ஃபெயிலானவங்க வீட்டுல வந்து பேப்பரப் பாக்கணும்னு மேடம் நேத்து மத்தியானம் சொன்னாங்க. சாயங்காலம் பாத்தா அலமாரில பேப்பர் கட்டையே காணோம். சாக்கடை அடைச்சதும் அதே சாயங்காலம். இவ பின்பக்கம் நின்னத நானே என் கண்ணால பாத்தேன் மேடம்."

"தண்ணி பாட்டில் கழுவப் போனேன் சார்."

"வாய மூடு" என்று அப்பா தலையில் அடித்துக்கொண்டார். "முதுகு ஒடிய மூட்ட தூக்கி உன்னப் படிக்க வச்சா, கொண்டு போய்ச் சாக்கடைல கொட்டியிருக்கியேடி. சீ. உன்னப் பாக்கவே அருவருப்பா இருக்கு."

பெண் அழக்கூட இல்லை. கையைப் பாவாடையில் தேய்த்துத் தேய்த்துத் துடைத்தாள்.

தலைமையாசிரியை இழுப்பறையைத் திறந்து மாற்றுச் சான்றிதழ்ப் புத்தகத்தை எடுத்து மேசைமேல் போட்டார். "திருட்டுன்னு எழுதித்தான் அனுப்புவேன். அப்புறம் எந்தப் பள்ளிக்கூடத்துலயும் சேத்துக்க மாட்டாங்க. யோசிச்சு உண்மையச் சொல்லு."

"நான் எடுக்கல மேடம்."

தலைமையாசிரியை பேனா மூடியைக் கழற்றினார். அந்த நேரம் பார்த்து வெளியிலிருந்து குரல் வந்தது. "மாட்டிக்கிச்சு. எல்லாரும் தள்ளி நில்லுங்க."

நால்வரும் பின்பக்கம் ஓடினார்கள். கம்பியின் கொக்கியில் தொங்கிக்கொண்டு, கருப்பாக, கொழகொழவென்று ஒரு பெரிய காகிதச் சுருள் மேலே வந்தது. கல் தரையில் சொத்தென்று விழுந்தது. வாத்தியார் வாந்தி வருவதுபோல் உவ்வே என்று பின்வாங்கினார்.

"பாத்தீங்களா மேடம், நான் சொன்னேனா இல்லையா" என்றார் மூக்கைப் பொத்திக்கொண்டே.

"எத்தனையோ குழியில என்னென்னமோ எடுத்திருக்கேன். படிப்ப எடுத்தது இன்னிக்குத்தான்" என்றபடி அடைப்பு எடுப்பவர் கட்டைப் பிரிக்கப் பார்த்தார். "முடிச்ச அவுக்க முடியல. யார்கிட்டயாச்சும் கத்தி இருந்தா குடுங்க."

"வேண்டாம். ஒரு வாளி தண்ணி ஊத்துங்க" என்றார் தலைமையாசிரியை.

வாளித் தண்ணீரில் கருப்பு கரைந்து ஓடியது. சணல் முடிச்சின் மேல் சிவப்பாக, முழு வட்டமாக ஏதோ தெரிந்தது. கதவுப் பிடியைக்கூடக் கைக்குட்டை இல்லாமல் தொடாதவர், குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அதை விரலால் துடைத்துத் துடைத்துப் பார்த்தார்.

அப்பா இரண்டு கையையும் கூப்பினார். "மேடம், புத்தி கெட்டுப் பண்ணிட்டா. இந்த ஒரு தடவ மன்னிச்சு விட்டுருங்க. நீங்க என்ன சொன்னாலும் கட்டுப்படுறேன். அவ படிப்ப மட்டும் நிறுத்திராதீங்க."

தலைமையாசிரியை எழுந்தார். இவ்வளவு நேரம் சாக்கடைக்குச் சுளிக்காத அளவுக்கு இப்போது அவர் முகம் சுளித்திருந்தது. பெண்ணைத் தாண்டி, அப்பாவைத் தாண்டி நடந்து போய் வாத்தியார் முன்னால் நின்றார்.

"படிக்காமலே எப்படி சார் நாலு போட்டீங்க?"