ஒரு சொல், பதினோரு வருடம்

மூன்றாவது அடியில் எஸ் சாரின் பல்செட் கழன்று மேசைக்கடியில் போய் விழுந்தது.

"நீ முடிக்கிறியா, நான் முடிச்சிடவா?" என்றான் முரடன். வரும்போதே இரண்டு கயிறு கொண்டுவந்திருந்தான். ஒன்று எஸ் சாரை நாற்காலியோடு சேர்த்துக் கட்டியிருந்தது. மற்றது அவன் தோளில் சும்மா தொங்கியது.

அது ஆங்கில-தமிழ் அகராதி தயாரிக்கும் அலுவலகம். ஆளுக்கு ஓர் எழுத்து, எழுத்துதான் பெயர். முன் எழுத்துக்காரர் கடைசி அட்டையில் கையெழுத்துப் போட்டால்தான் அடுத்தவர் பேனாவைத் தொடலாம். எஸ் சார் தன் எழுத்தில் மற்ற எல்லாச் சொல்லையும் முடித்துவிட்டு, 'செட்' என்ற ஒரே சொல்லில் பதினோரு வருடமாகக் குடியிருந்தார். அவருக்குப் பின்னால் டி சார், அவருக்கும் பின்னால் யு சார் என்று வரிசையாகத் தலை நரைத்துக்கொண்டிருந்தது. இருவருக்கும் அடுத்த வருடம் ஓய்வு. எழுத்தை முடிக்காதவர் பெயர் முன்னுரையில்கூட வராது.

இன்று யு சார் விடுப்பு.

"நானூறு அர்த்தம் சேத்துட்டேம்ப்பா," என்றார் எஸ் சார், ரத்தத்தைத் துப்பிவிட்டு. "சூரியன் மறையிறது ஒரு செட். ஜெல்லி உறையிறது ஒரு செட். இதுல அவசரப்பட்டா மொழி நம்மள மன்னிக்காது."

முரடன் அவருடைய இடது சுண்டுவிரலைப் பின்பக்கமாக மடக்கினான். காய்ந்த குச்சி ஒடிகிற சத்தம் கேட்டது.

"ஒடைஞ்ச எலும்பைச் சேத்து வெக்கிறதும் செட்டுதானே. எழுதிட்டியா?"

அலறுவதற்கு முன் எஸ் சார் ஒரு நொடி யோசித்தார். "அது... முந்நூத்திப் பன்னெண்டு."

கதவோரம் நின்றிருந்த டி சார் மெல்லச் செருமினார். "வலது கை வேணாம் தம்பி. கையெழுத்துப் போடணும்."

எஸ் சார் திரும்பிப் பார்த்தார். "யோவ், இது உன் வேலையா?"

"மன்னிச்சுக்கங்க சார். எனக்கும் ஒரு எழுத்து இருக்கு."

இரண்டாவது விரலும் ஒடிந்தபின் அட்டையில் கையெழுத்து விழுந்தது.

டி சார் மையை ஊதிக் காயவைத்தார். எஸ் சாரை நாற்காலியோடு ஓரமாகத் தள்ளிவிட்டு, தன் நாற்காலியை அங்கே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டியதும் குரலே மாறிவிட்டது.

"நீ கெளம்புப்பா. இனிமே இங்க சத்தம் ஆகாது. எடுக்கிறதுக்கு 'டேக்'னு ஒரு சொல் இருக்கு. சமுத்திரம். பொறுப்பா செஞ்சா பத்து வருஷமாவது ஆகும். நிர்வாகம் எனக்குப் பணி நீட்டிப்புக் குடுத்துத்தான் ஆகணும்."

முரடன் கிளம்பவில்லை. கதவை உள்பக்கம் தாழ்போட்டுவிட்டு, தோளில் இருந்த கயிற்றைப் பிரித்தான்.

"நீங்க இப்படித்தான் சொல்லுவீங்கன்னு யு சார் சொன்னாரு."