ஒன்றரைக் கிலோ தங்கம்

“தங்கம் ஒன்றரைக் கிலோ ஆயாச்சு, சிபி. இனி அந்த அட்டைப்பெட்டி போதாது. ஒளிஞ்சு கிடக்க நல்ல இடமா வேணும்.”

பழவங்காடியில் மாடம்மாளின் கடை. மண்சட்டியும் மரச்சாமானும் கூரை வரை அடுக்கியிருந்தன. பனைவிசிறி ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்த பகவதிப்பெருமாளின் கை அப்படியே நின்றது.

பேசியது ஒரு இளம்பெண். பக்கத்தில் அவள் கணவன். பார்த்தால் ஐ.டி. கம்பெனி ஜோடி மாதிரி இருந்தார்கள். ஆனால் தோற்றத்தை நம்புகிறவரல்ல பகவதிப்பெருமாள். இருபது வருஷ அனுபவம். அவர் பார்ப்பது யூனிஃபார்ம் இல்லாத வேலை. கண்ணும் காதும்தான் மூலதனம்.

“மெல்லப் பேசு, ஜிஷா” என்றான் சிபி. “வெங்கடசுப்ரமணியன் சாருக்குத் தெரிஞ்சா அன்னைக்கே வீட்டைக் காலி பண்ணச் சொல்லிருவாரு.”

வீட்டுக்காரருக்கே தெரியாத தங்கம்! விமான நிலையம் இருக்கிற ஊர். விஷயம் விளங்கிவிட்டது அவருக்கு.

மாடம்மாள் ஒரு மரப்பெட்டியை எடுத்து நீட்டினாள். “இது கொள்ளாமா மோளே? தேவதாரு. நல்ல வாசனை.”

“ஐயோ, தேவதாரு வேண்டாம் அக்கா. அந்த வாசனை தங்கத்துக்கு ஆகவே ஆகாது.”

மோப்ப நாய்! பகவதிப்பெருமாள் மனசுக்குள் சபாஷ் போட்டார். வாசனை உள்ள பெட்டி என்றால் நாய் நேராக வந்து நிற்குமே.

“கல்லை அடுக்கி ஒரு குகை மாதிரி செஞ்சா என்ன?” என்றான் சிபி.

“சரிஞ்சு விழுந்தா? தங்கம் நசுங்கிப் போகும்.”

நசுங்குமாம். அப்படியானால் செம்பு கலக்காத சுத்தத் தங்கம். பகவதிப்பெருமாளுக்கு வாய் ஊறியது.

கடைசியில் அடியகன்ற ஒரு மண்சட்டி ஜிஷாவுக்குப் பிடித்தது. கவிழ்த்துப் பார்த்தாள், உள்ளே கை விட்டுத் தடவினாள். “பெயின்ட் அடிக்காததுதானே அக்கா? பெயின்ட் உரிஞ்சு ஒட்டிக்கிடும். ஓரத்துல ஒரு வாசல் வெட்டித் தாங்க. வெட்டின இடத்தை உப்புத்தாள் போட்டு நல்லாத் தேய்க்கணும். தங்கத்து மேல ஒரு கீறல் விழக்கூடாது.”

“சட்டி ரொம்பப் பெருசாவும் இருக்கக்கூடாது” என்றான் சிபி. “நாலு பக்கமும் ஒட்டி இருந்தாத்தான் அசையாம கிடக்கும்.”

அசைந்தால் சத்தம் வருமே! என்ன மூளை! இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு நுணுக்கமான கூட்டத்தை அவர் கண்டதில்லை.

சட்டியோடு அவர்கள் ஏறிய ஆட்டோவுக்குப் பின்னால் இன்னொரு ஆட்டோ ஸ்ரீவராகம் வரை போனது.

மறுநாள் காலை, இருவரும் ஆபீஸ் கிளம்பிய பிறகு, பகவதிப்பெருமாள் அந்த வீட்டுக்குள் நுழைந்தார். அதற்கு அவருக்கு யாருடைய அனுமதியும் தேவைப்படவில்லை. படுக்கையறை மூலையில் துணி போர்த்திய ஒரு பெரிய பெட்டி. துணியை விலக்கி, மூடியைத் திறந்தார். உள்ளே தேங்காய் நார் பரப்பி, அதன்மேல் அதே மண்சட்டி கவிழ்ந்திருந்தது.

வாசலுக்குள் கையை விட்டார். வழவழப்பு. கனம். சில்லென்ற ஸ்பரிசம். தங்கமேதான்.

தங்கம் அசைந்தது.

அசைந்ததோடு நிற்காமல், அவர் மணிக்கட்டைச் சுற்றிக்கொண்டு முழங்கைப் பக்கமாக நிதானமாக ஏற ஆரம்பித்தது.

அவர் போட்ட அலறலில் பக்கத்து வீட்டிலிருந்து வெங்கடசுப்ரமணியன் ஓடி வந்தார். வந்த வேகத்தில் நாற்காலி மேல் ஏறிக்கொண்டார்.

“பாம்பு! மஞ்சள் பாம்பு! ஓய், நீர் யாரு?”

“தங்கம்... கடத்தல் தங்கம்னு நினைச்சு...” பகவதிப்பெருமாளின் பல் தந்தியடித்தது.

“கஸ்டம்ஸா? முன்னாடியே சொல்லப்படாதோ! பயப்படாதேங்கோ சார், நாற்காலிய விட்டு எறங்காமலே போலீஸைக் கூப்பிடறேன்.”

“போலீஸ் வேண்டாம் சாமி... நானே பாத்துக்கிடுதேன்...”

“என்ன பெருந்தன்மை!” என்று வியந்தபடியே அவர் போலீஸுக்கும் சிபிக்கும் போன் போட்டார்.

ஜிஷாதான் முதலில் வந்தாள். “தங்கம்! பயந்துட்டியாடா கண்ணு?” என்று கேட்டது பகவதிப்பெருமாளை அல்ல. வாலிலிருந்து ஒவ்வொரு சுற்றாகப் பிரித்து, பாம்பைச் சட்டியருகே விட்டாள். அது உடனே உள்ளே போய்ச் சுருண்டுகொண்டது.

“விஷமில்லாத வெளிநாட்டுப் பாம்பு, சாமி. வனத்துறையில பதிஞ்சுதான் வளர்க்கிறோம்” என்று கெஞ்சினான் பின்னால் வந்த சிபி.

“ஆத்துல பாம்பா? இன்னிக்கே காலி பண்ணுங்கோ! பாவம், ஒரு ஆபீஸர் உசுரு போகத் தெரிஞ்சுது!”

அதற்குள் ஒரு பெண் எஸ்.ஐ. வந்துவிட்டாள். பகவதிப்பெருமாளின் முகத்தை உற்றுப் பார்த்தாள். தன் செல்போனில் ஒரு சிசிடிவி படத்தைப் பார்த்தாள். மறுபடி முகத்தைப் பார்த்தாள். பிறகு நாற்காலி அருகே போய் வெங்கடசுப்ரமணியனின் காதில் ஏதோ சொன்னாள்.

அவர் மெல்ல ஒரு காலைத் தரையில் வைத்தார். “சிபி, பாம்பு இங்கேயே இருக்கட்டும்ப்பா. அதுக்கு வேறென்ன வேணும்னாலும் கூசாம என்கிட்ட கேளு.”

இருபது வருஷமாகப் பூட்டிய வீடுகளாகப் பார்த்துப் புகுந்து, ஒருமுறைகூடப் போலீஸ் கையில் சிக்காத பகவதிப்பெருமாள், வாசலில் நின்ற ஜீப்பில் யாரும் சொல்லாமலே முதல் ஆளாக ஓடிப்போய் ஏறி, உள்பக்கமாகக் கதவைச் சாத்திக்கொண்டார்.