ஒகாம்போ போட்ட பந்து

"அப்பா, நீங்க பின்னாடி நில்லுங்க. சும்மா நின்னா போதும்."

சும்மா நிற்பதற்கு அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இரண்டு வாரமாகச் சொந்த வீட்டில் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறான்.

மிருதுளா தடுப்புக் கம்பியில் வயிற்றை அழுத்திக்கொண்டு மைதானத்தை எட்டிப் பார்த்தாள். இடது கையில் தோல் கையுறை. அவள் முகத்தைவிடப் பெரியது.

கீழே பேஸ்பால்காரர்கள் பயிற்சியை முடித்துக்கொண்டிருந்தார்கள். ஆட்டம் தொடங்க இன்னும் நேரம் இருக்கிறது. உள்ளே போகிறவர்கள் போகிற போக்கில், தடுப்போரம் நிற்கிற பிள்ளைகளுக்கு ஒரு பந்தைத் தூக்கிப் போடுவார்கள். போட்டால் அது அந்தப் பிள்ளைக்கே. யாரும் திருப்பிக் கேட்பதில்லை. வசதியான நாடு, கொடுத்துவிடுகிறார்கள்.

அப்படிக் கிடைத்த பந்துகள் அவள் அலமாரியில் வரிசையாக இருக்கின்றன. அவளுக்கு ரொம்பப் பிடித்த ஆட்டக்காரர் ஒகாம்போ போட்டது மட்டும் இல்லை. கோடை முழுக்கக் கேட்டுப் பார்த்துவிட்டாள். அவர் சிரிப்பார், போய்விடுவார். இந்த மைதானத்தில் அவருக்கு இன்று கடைசி ஆட்டம். இதோடு ஓய்வு பெறுகிறார்.

இதெல்லாம் அவனுக்கு மனைவி சொல்லித்தான் தெரியும்.

மிருதுளா அவனிடம் அதிகம் பேசுவதில்லை. மரியாதைக்கு ஒரு குறைச்சலும் இல்லை. தண்ணீர் எடுத்துக் கொடுத்தால் தேங்க்யூ. கார் கதவைத் திறந்துவிட்டால் தேங்க்யூ. வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் இருப்பதுபோல் இருக்கிறாள்.

அம்மாவிடம் கத்துவாள். காலை உதைப்பாள். தட்டைத் தள்ளிவிடுவாள். பார்க்கப் பார்க்க அவனுக்குப் பொறாமையாக இருக்கும்.

பத்து நாளில் வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு விசாவுக்காக ஊருக்குப் போனவன்தான். ஏதோ ஒரு காகிதம் எங்கேயோ சிக்கிக்கொண்டது. கோவில்பட்டியில் மூன்று வருடம் போனது. போகும்போது தோளில் தூங்கிய பிள்ளை. திரும்பி வந்து பார்த்தால் எட்டு வயதுப் பெண் வாசலில் நின்று கை குலுக்கினாள்.

ஒகாம்போ வந்தார்.

மிருதுளா ஸ்பானிஷில் ஏதோ சொல்லிக் கூப்பிட்டாள். அதை எப்போது கற்றுக்கொண்டாளோ.

அவர் நின்றார். திரும்பிப் பார்த்தார். விரலை நீட்டி அவளையே காட்டினார்.

பந்தைத் தூக்கிப் போட்டார்.

கொஞ்சம் உயரமாகப் போட்டுவிட்டார்.

அவள் குதித்தாள். கையுறை எட்டவில்லை. தலைக்கு மேலே வந்த பந்தை அவன் ஒற்றைக் கையில் பிடித்தான். உள்ளங்கை சுரீரென்றது. அருமையான பிடி. ஒரு காலத்தில் கல்லூரி கிரிக்கெட் அணியில் ஆடியவன்.

அதோடு நின்றிருக்கலாம்.

கை நிற்கவில்லை.

அவன் ஆடி வளர்ந்த பொட்டலில் ஒரு மேட்சுக்கு ஒரே பந்துதான். அது எல்லையைத் தாண்டி யார் கைக்குப் போனாலும், டீக்கடைக்காரரோ பஸ்ஸுக்கு நிற்பவரோ, உடனே உள்ளே திருப்பி எறிந்துவிடுவார்கள். அதில் யோசிக்க ஒன்றும் இல்லை. அவனும் யோசிக்கவில்லை.

பந்து நேராக ஒகாம்போவின் நெஞ்சுக்குப் போனது.

அவர் திடுக்கிட்டுப் பிடித்தார். அப்புறம் சிரித்தார். தொப்பியைத் தொட்டு அவனுக்கு ஒரு வணக்கம் வைத்தார். சுற்றியிருந்தவர்கள் கை தட்டினார்கள். யாரோ அவன் முதுகில் தட்டிக் கொடுத்தார்.

அவன் வாயைத் திறந்தான். என்ன சொல்லிக் கூப்பிடுவது? நீட்டிய கை நீட்டியபடி இருந்தது.

ஒகாம்போ நடந்தார். தடுப்பின் கோடியில் நின்ற ஒரு சின்னப் பையனின் கையில் பந்தை வைத்தார். படியிறங்கி உள்ளே போய்விட்டார்.

மிருதுளா மெதுவாகத் திரும்பினாள்.

பரவாயில்லை என்று சொல்லப்போகிறாள் என்று நினைத்தான். அதைக் கேட்கத் தன்னைத் தயார் செய்துகொண்டான். அவள் உதடும் அதற்குத்தான் குவிந்தது.

"ஏன் எறிஞ்சீங்க?"

"தெரியலம்மா."

"எனக்குப் போட்டார். என்னைக் காட்டி எனக்குப் போட்டார். ஏன் எறிஞ்சீங்க?"

கையுறையால் அவன் வயிற்றில் அடித்தாள். இன்னொரு முறை அடித்தாள். காலை உதைத்தாள். அவன் முழங்காலில் பட்டது. அப்புறம் அவன் சட்டையிலேயே முகத்தைப் புதைத்துக்கொண்டு, ஊரே திரும்பிப் பார்க்கிற மாதிரி அழுதாள்.

அவனுக்குக் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. தலையில் வைக்கலாமா? விலகிக்கொள்வாளோ? கை தொங்கிக்கொண்டே இருந்தது.

பின்வரிசையில் ஒரு பெரியவர். அவரும் பந்து சேர்க்கிறவர்தான். மடியில் ஒரு பை நிறைய வைத்திருந்தார். பிள்ளை அழுவது அவருக்குப் பொறுக்கவில்லை. பையிலிருந்து ஒன்றை எடுத்து, இதைக் கொடுங்கள் என்று சைகை காட்டி நீட்டினார்.

நல்ல மனிதர். அவன் வாங்கிக்கொண்டான்.

மிருதுளா பார்க்கவில்லை. சட்டை நனைந்துகொண்டிருந்தது. கையுறை இன்னும் அவனை அடித்துக்கொண்டிருந்தது.

பந்தைக் காட்டினால் அழுகையை நிறுத்திவிடுவாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒரு அடி தள்ளி நின்று, தேங்க்யூ சொல்வாள்.

அவன் பந்தை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டான்.